தொடக்கநிலை வென்ச்சர் கேப்பிடல் ஃபண்டுகளுக்கு வரிச்சலுகை: லாபத்தை மட்டும் பார்த்தால் போதாது

கேள்வி சுருக்கமாக இது: பலரிடம் பணம் திரட்டித் தொடக்கநிலை ஸ்டார்ட்அப்களில் போடும் வென்ச்சர் கேப்பிடல் ஃபண்டுக்கு வரி எப்படி விதிக்கிறார்கள்? அரசுகள் தருவதாகச் சொல்லும் சலுகைகளில் எவை கணக்கில் தெரியும், எவை விளம்பரத்தில் மட்டும் தெரியும்?

சலுகை எத்தனை சதவீதம் என்று பார்ப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலீட்டின் எந்தக் கட்டத்தில் அது கைக்கு வருகிறது? நஷ்டம் வந்தால் என்ன ஆகிறது? பத்து நிறுவனங்களில் பணம் போட்டால் பாதிக்கு மேல் கரைந்துபோகும் என்று தெரிந்தேதான் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். ஆனால் சட்டம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஜெயித்த நிறுவனத்தை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

சலுகைக்கு முன்னால் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். ஒருவர் நேரடியாக ஒரு ஸ்டார்ட்அப்பில் பங்கு வாங்கி விற்றால், மூலதன ஆதாயத்துக்கு, அதாவது வாங்கிய விலைக்கு மேல் கிடைத்த லாபத்துக்கு, ஒரு தடவை வரி. அதே பணத்தை ஃபண்ட் வழியாகப் போடும்போது ஃபண்டுக்கு ஒரு வரி, ஃபண்டிலிருந்து அவர் கைக்கு வரும்போது இன்னொரு வரி என்று விழுந்தால், யாரும் ஃபண்ட் பக்கமே வர மாட்டார்கள். இதைத் தவிர்க்கத்தான் பாஸ்-த்ரூ என்ற ஏற்பாடு. ஃபண்டை வரிச்சட்டம் கண்ணாடி மாதிரிப் பார்க்கிறது. வருமானம் அதைத் தாண்டி நேராக முதலீட்டாளரிடம் போய் நிற்கிறது. அவர் தன் விகிதப்படி வரி கட்டுகிறார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஃபண்டுகள் லிமிடெட் பார்ட்னர்ஷிப் (பணம் போடுகிறவரின் பொறுப்பு போட்ட தொகையோடு முடியும் கூட்டாண்மை) வடிவத்தில் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆஸ்திரேலியாவில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே சாதாரண லிமிடெட் பார்ட்னர்ஷிப்பை வரிக்காக ஒரு கம்பெனியாகவே எடுத்துக்கொள்வார்கள். வென்ச்சர் கேப்பிடலுக்கென்று பதிவு செய்துகொண்டால்தான் பாஸ்-த்ரூ கிடைக்கும். அதாவது, அந்த இரண்டு நாடுகளில் இயல்பாக இருப்பது அங்கே சலுகையாகத் தரப்படுகிறது.

இந்தியாவில் இந்த ஏற்பாடு பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பதிவோடு கட்டப்பட்டிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் பழைய வென்ச்சர் கேப்பிடல் விதிகளுக்குப் பதிலாக 2012இல் மாற்று முதலீட்டு நிதி விதிகள் வந்தன. சுருக்கமாக ஏஐஎஃப். இவற்றைச் செபி வகை பிரித்திருக்கிறது; தொடக்கநிலை ஃபண்டுகள் பொதுவாக முதல் வகையில் பதிவாகின்றன. 2015இல் வருமான வரிச் சட்டத்தில் 115யுபி பிரிவு சேர்ந்தபோது முதல் இரண்டு வகைகளுக்கும் பாஸ்-த்ரூ கிடைத்தது. (2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு. பழைய எண்களைத்தான் எல்லாரும் பழக்கத்தில் சொல்கிறார்கள் என்பதால் இங்கேயும் அவற்றையே எழுதுகிறேன்.) இதில் இரண்டு நுணுக்கம் உண்டு. ஒன்று, ஃபண்டுக்கு வரும் தொழில் வருமானத்துக்குப் பாஸ்-த்ரூ கிடையாது. அதற்கு ஃபண்டே அதிகபட்ச விகிதத்தில் கட்ட வேண்டும். அதனால் பங்கு விற்ற பணம் மூலதன ஆதாயமா, தொழில் வருமானமா என்ற சண்டை ரொம்ப நாள் தலைக்கு மேல் தொங்கியது. ஏஐஎஃப் வைத்திருக்கும் பங்குகள் மூலதனச் சொத்துதான் என்று 2025 நிதிச் சட்டம் எழுதியே வைத்துவிட்டது. இன்னொன்று நஷ்டம். 2019 வரை லாபம் மட்டும்தான் முதலீட்டாளருக்குக் கடந்து போனது. நஷ்டம் ஃபண்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. பத்து வருடம் கழித்து ஃபண்ட் மூடப்படும்போது அந்த நஷ்டமும் அதோடு போய்விடும். 2019இல் திருத்தினார்கள். தொழில் நஷ்டம் தவிர மற்ற நஷ்டங்கள் முதலீட்டாளருக்குப் போகலாம், ஆனால் அவர் தன் யூனிட்டை (ஃபண்டில் அவருக்குள்ள பங்கு) குறைந்தது 12 மாதம் வைத்திருக்க வேண்டும். தொடக்கநிலை ஃபண்டைப் பொறுத்தவரை, பெரிதாகப் பேசப்பட்ட பல அறிவிப்புகளை விட இந்தச் சின்னத் திருத்தம் மதிப்புள்ளது என்பது என் எண்ணம்.

வருமான வரியையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தவறவிடும் ஒரு செலவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபண்டை நடத்துகிறவர் வாங்கும் நிர்வாகக் கட்டணத்துக்கு இந்தியாவில் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. கட்டணம் வருடத்துக்கு 2 சதவீதம் என்றால் வரி மட்டும் 0.36 சதவீதம். பங்கு வாங்கி விற்பது ஜிஎஸ்டிக்குள் வராததால், கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து வேறு ஜிஎஸ்டியில் ஈடுகட்ட ஃபண்டுக்கு வழியில்லை. பத்து வருடத்துக்கு இதே கட்டணம் ஓடினால் போட்ட பணத்தில் மூன்றரை சதவீதத்துக்கு மேல் ஸ்டார்ட்அப் எதையும் தொடாமலே போய்விடுகிறது. ஃபண்ட் ஜெயித்தாலும் தோற்றாலும் இது உறுதியான செலவு. சலுகைப் பட்டியல் எதிலும் இது வராது.

சரி, சலுகைகள். எந்த நாட்டுத் திட்டத்தை எடுத்தாலும் அது நான்கு இடங்களில் ஏதோ ஒன்றில் விழும்: பணம் போடும்போது, வைத்திருக்கும்போது, விற்று லாபம் பார்க்கும்போது, நஷ்டப்படும்போது. இவற்றின் மதிப்பு ஒன்றுக்கொன்று சமம் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

100 ரூபாய் ஃபண்ட், பத்து நிறுவனங்களில் பத்துப் பத்தாகப் போடுகிறது. ஆறு மொத்தமாகப் போய்விட்டன. மூன்று போட்டதை மட்டும் திருப்பித் தந்தன. ஒன்று 200 தந்தது. மொத்தம் 230, நிகர லாபம் 130. வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 32.5 போகும். லாபத்துக்கு முழு விலக்கு இருந்தால் அந்த 32.5 மிச்சம். அருமை. இப்போது அந்தக் கடைசி நிறுவனம் 200க்குப் பதில் 50தான் தந்தது என்று வையுங்கள். மொத்தம் 80, நஷ்டம் 20. சாதாரண வரிமுறையில், முதலீட்டாளருக்கு வேறு இடத்தில் லாபம் இருந்தால் இந்த 20ஐ அதில் கழித்து 5 ரூபாய் வரி மிச்சம் பிடிப்பார். விலக்குத் திட்டத்திலோ, லாபத்துக்கு வரி இல்லாததால் நஷ்டத்துக்கும் மதிப்பு இல்லை. 20ம் முழுசாகப் போனது போனதுதான்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1944லேயே எவ்ஸி டோமர், ரிச்சர்ட் மஸ்கிரேவ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதைக் காட்டிவிட்டார்கள். நஷ்டத்தை முழுதாகக் கழிக்க விட்டால் அரசு சத்தமில்லாத கூட்டாளி மாதிரி: லாபத்தில் பங்கு வாங்குகிறது, நஷ்டத்திலும் பங்கு ஏற்கிறது. அதனால் வரி இருப்பதே ஆபத்தான முதலீட்டைக் குறைத்துவிடும் என்று சொல்ல முடியாது. நஷ்டத்தைக் கழிக்க விடாத வரிதான் ஆபத்தான முதலீட்டைக் குத்தும். லாபத்துக்கு விலக்கு என்பது அந்தக் கூட்டாளி மொத்தமாக வெளியே போவது. நல்ல ஃபண்டுக்கு அது வரம். சுமாரான ஃபண்டுக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் பாதகம்கூட.

இந்தக் கண்ணோட்டத்தோடு ஆஸ்திரேலியாவைப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். தொடக்கநிலை ஃபண்டுக்கென்றே தனியாகச் சட்டம் செதுக்கிய நாடு அது. 2002இல் வென்ச்சர் கேப்பிடல் சட்டம் வந்தது. முதலில் பெரிதாகப் பயன்பட்டது வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு. 2007இல் தொடக்கநிலைக்கான தனிப் பதிவு சேர்ந்தது. ஈஎஸ்விசிஎல்பி என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். தகுதியான முதலீட்டிலிருந்து வரும் வருமானமும் மூலதன ஆதாயமும் முதலீட்டாளருக்கு வரிவிலக்கு, உள்நாட்டவராக இருந்தாலும் வெளிநாட்டவராக இருந்தாலும். அதற்கு எதிர்ப்பக்கமாக, நஷ்டத்தைக் கழித்துக்கொள்ள முடியாது. மேலே போட்ட கணக்கேதான்.

இந்தக் குறையை ஓரளவு சரிக்கட்டியது 2016 சீர்திருத்தம். முதலீட்டாளர் ஃபண்டில் போடும் பணத்தில் 10 சதவீதம் வரை, கட்ட வேண்டிய வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். வரி இல்லாவிட்டால் கையில் பணமாக வராது. அடுத்தடுத்த வருடங்களுக்குக் கொண்டு போகலாம். பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் ஃபண்ட் ஜெயித்தாலும் தோற்றாலும் கிடைக்கிற ஒரே பகுதி இதுதான். மேலே சொன்ன தோற்ற ஃபண்டில் 20 ரூபாய் நஷ்டத்தை 10 ஆகக் குறைப்பது இது. அங்கேயே வரி கட்டுகிற தனி முதலீட்டாளர் முதலில் கேட்பதும் இதைப் பற்றித்தான்.

நிபந்தனைகளைக் கவனியுங்கள், ஃபண்டின் குணத்தை வடிவமைப்பது அவைதான். ஃபண்டுக்கு உறுதியளிக்கப்பட்ட மூலதனம் குறைந்தது 1 கோடி ஆஸ்திரேலிய டாலர், அதிகபட்சம் 20 கோடி. (2016க்கு முன் மேல் வரம்பு 10 கோடி.) முதலீடு செய்யும் நேரத்தில் நிறுவனத்தின் மொத்தச் சொத்து 5 கோடி டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த மூலதனத்தில் 30 சதவீதத்துக்கு மேல் ஒரே நிறுவனத்தில் போடக் கூடாது. வங்கி, பெரிய ஓய்வூதிய நிதி போன்ற சிலர் தவிர, ஒரே முதலீட்டாளர் ஃபண்டில் 30 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நில மேம்பாடு, கடன் கொடுப்பது, காப்பீடு, உள்கட்டமைப்புக் கட்டுமானம் எல்லாம் தகுதி இல்லாத தொழில்கள். இந்தக் கடைசி நிபந்தனை நியாயமாகத்தான் எழுதப்பட்டது: வட்டிக்கு விடும் தொழிலும் ரியல் எஸ்டேட்டும் ஸ்டார்ட்அப் வேஷம் போட்டு உள்ளே வரக் கூடாது. ஆனால் ஃபின்டெக் என்று, நிதிச் சேவையைத் தொழில்நுட்பத்தால் தரும் ஒன்று வந்ததும் சிக்கல். மென்பொருள் நிறுவனமா, நிதி நிறுவனமா? அதற்கு வழிவிட 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது.

இன்னொரு நிபந்தனை சொல்லத் தக்கது, ஏனென்றால் நல்ல நோக்கத்தோடு எழுதிய விதி எப்படி நேர்மாறாக வேலை செய்யும் என்பதற்கு அது உதாரணம். பழைய விதிப்படி, நிறுவனத்தின் சொத்து 25 கோடி டாலரைத் தாண்டிவிட்டால் ஃபண்ட் அதை விற்றுவிட வேண்டும். சலுகை சின்ன நிறுவனத்துக்குத்தானே என்ற யோசனை. பத்தில் ஒன்றுதான் ஃபண்டையே காப்பாற்றும் என்கிற தொழிலில், அந்த ஒன்று வளர ஆரம்பிக்கிற நேரம் பார்த்து விற்கச் சொன்னால் எப்படி? 2016இல் இதை நீக்கினார்கள். இப்போது வைத்துக்கொள்ளலாம், ஆனால் மதிப்பு அந்த அளவைத் தாண்டிய பிறகும் நீண்ட நாள் வைத்திருந்தால் அதற்கு மேல் வரும் வளர்ச்சிக்கு முழு விலக்கு கிடையாது. நியாயமான சமரசம்.

பிரிட்டன் எதிர்த் திசையில் போகிறது. அங்கே சலுகை பெரும்பாலும் ஃபண்டுக்கு அல்ல, தனிமனிதருக்கு. 1994இல் வந்த ஈஐஎஸ் திட்டத்தில் தகுதியான நிறுவனத்தின் புதுப் பங்கில் 100 பவுண்ட் போட்டால் கட்ட வேண்டிய வருமான வரியில் 30 பவுண்ட் கழிவு. மூன்று வருடம் வைத்திருந்து விற்றால் ஆதாயத்துக்கு வரி இல்லை. 2012இல் வந்த எஸ்ஈஐஎஸ் இன்னும் இளம் நிறுவனங்களுக்கு: கழிவு 50 சதவீதம், ஒருவருக்கு வருடத்துக்கு 2 லட்சம் பவுண்ட் வரை. இதெல்லாம் எல்லாரும் சொல்வது. முக்கியமானது நஷ்ட நிவாரணம். 45 சதவீத வரி கட்டுகிறவர் ஈஐஎஸ்ஸில் 100 போட்டு மொத்தமும் போனால், முதலில் 30 கிடைத்துவிட்டது. மிச்சம் 70ஐ வருமானத்திலிருந்தே கழித்தால் இன்னும் 31.5 மிச்சம். ஆக உண்மையான நஷ்டம் 38.5. எஸ்ஈஐஎஸ்ஸில் இதே கணக்கு 27.5ல் நிற்கும். நுழையும்போது, வெளியேறும்போது, தோற்கும்போது என்று மூன்று இடத்திலும் சலுகை. நஷ்டத்துக்கும் லாபத்துக்கும் ஒரே நேரத்தில் அரசு கை கொடுக்கும் திட்டம் இவ்வளவு தாராளமாக வேறெங்கும் சாதாரணமாகப் பார்க்க முடியாது.

தாராளமாக இருந்தால் சந்து பொந்தும் இருக்கும். பணத்துக்கு ஆபத்தே இல்லாத மாதிரி, உறுதியான வாடகையோ ஒப்பந்த வருமானமோ வரும் தொழில்களைக் கட்டி, 30 சதவீதக் கழிவையே லாபமாகக் காட்டி விற்றார்கள். அதற்குத்தான் 2018இல் ஒரு நிபந்தனை வந்தது: நிறுவனம் உண்மையிலேயே வளர நினைக்க வேண்டும், போட்ட பணம் உண்மையிலேயே போகும் அபாயம் இருக்க வேண்டும். அரசு பணம் கொடுத்து, அப்புறம் 'தயவுசெய்து ஆபத்தை எடு' என்று சட்டத்திலேயே எழுத வேண்டிய நிலை. ஃபண்ட் நடத்துகிறவர் கவனிக்க வேண்டியது: ஈஐஎஸ் ஃபண்ட் என்று சொல்லப்படுபவற்றில் பங்கின் உண்மையான சொந்தக்காரர் ஒவ்வொரு முதலீட்டாளரும்தான், ஃபண்ட் நிர்வாகி அவர்கள் சார்பில் வாங்கி விற்கிறார். எல்லாப் பணத்தையும் ஒரே குவியலாக்கிவிட்டால் சலுகை போய்விடும். குவியலாக வேண்டும் என்றால் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட விசிடி (வென்ச்சர் கேப்பிடல் ட்ரஸ்ட்) வடிவம். அதன் 30 சதவீதக் கழிவு 2026 ஏப்ரல் முதல் 20 ஆகக் குறைகிறது.

அமெரிக்காவின் முக்கியச் சலுகை வரிச்சட்டத்தின் 1202 பிரிவு. 1993இல் பாதி விலக்காகத் தொடங்கி, 2010 செப்டம்பர் இறுதிக்குப் பிறகு வாங்கிய பங்குக்கு முழு விலக்காக ஆனது: சிறு நிறுவனத்தின் பங்கை நேரடியாக நிறுவனத்திடமிருந்தே வாங்கி ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் 1 கோடி டாலர் அல்லது போட்டதன் பத்து மடங்கு, இவற்றில் எது பெரிதோ அதுவரை ஆதாயத்துக்கு வரி இல்லை. 2025 ஜூலை சட்டத்துக்குப் பிறகு வாங்கும் பங்குக்கு மூன்றாம் வருடத்திலேயே பாதி, நான்காம் வருடம் முக்கால், ஐந்தில் முழுசு, வரம்பு 1.5 கோடி, நிறுவனத்தின் சொத்து வரம்பு 5 கோடியிலிருந்து 7.5 கோடி டாலர். ஃபண்ட் வழியாக வந்தாலும் கிடைக்கும், ஆனால் ஃபண்ட் அந்தப் பங்கை வாங்கிய நாளில் நீங்கள் ஃபண்டில் இருந்திருக்க வேண்டும். பின்னால் வந்து சேர்ந்தவருக்கு முன்னால் வாங்கிய பங்கில் இந்த விலக்கு இல்லை. இரண்டாவது, மூன்றாவது குளோசிங்கில் (ஃபண்ட் முதலீட்டாளர்களைச் சேர்க்கும் சுற்று) வருகிறவர்கள் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் அமெரிக்க வென்ச்சர் கேப்பிடலை வளர்த்தது 1202 என்று சொல்ல மாட்டேன். பெரிய ஃபண்டுகளில் பணம் போடுவது ஓய்வூதிய நிதிகளும் பல்கலைக்கழக அறக்கட்டளைகளும். அவர்களுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே வரி இல்லை. வரி கட்டாதவருக்கு வரிவிலக்கு கொடுத்து என்ன பயன்? அங்கே கதவைத் திறந்தது 1979இல் தொழிலாளர் துறை தந்த ஒரு விளக்கம்: ஓய்வூதிய நிதி தன் மொத்த முதலீட்டையும் சேர்த்துப் பார்க்கும்போது விவேகமாக இருந்தால் போதும், ஒவ்வொரு முதலீடும் தனித்தனியாகப் பத்திரமாக இருக்க வேண்டியதில்லை. அரசுக் கஜானாவிலிருந்து ஒரு டாலர்கூடச் செலவாகாத மாற்றம் அது.

இந்த இடத்தில்தான் அரசே ஃபண்டில் பணம் போடும் திட்டங்கள் வருகின்றன. இங்கே இஸ்ரேலின் அனுபவத்தை விடத் தெளிவான பாடம் கிடையாது, ஏனென்றால் அவர்கள் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தார்கள். 1992இல் இன்பல் என்ற திட்டம்: பங்குச்சந்தையில் பட்டியலிடும் வென்ச்சர் ஃபண்டுகளுக்கு 70 சதவீதம் வரை அரசு உத்தரவாதம். நஷ்டம் மூடப்பட்டுவிட்டது. நஷ்டத்தைப் பற்றிக் கவலையே இல்லாதபோது திறமையானவர்கள் வரக் காரணமும் இல்லை. திட்டம் எடுபடவில்லை. அடுத்த வருடமே யோஸ்மா. 10 கோடி டாலர். பத்து ஃபண்டுகளில் தலா 80 லட்சம், ஃபண்டின் 40 சதவீதம் வரை. ஒவ்வொரு ஃபண்டிலும் வெளிநாட்டுக் கூட்டாளி ஒருவரும் உள்நாட்டு நிதி நிறுவனம் ஒன்றும் இருக்க வேண்டும். நஷ்டத்துக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக, ஐந்து வருடத்துக்குள் அரசின் பங்கை அசலும் வட்டியும் சேர்த்த விலையில் கூட்டாளிகள் வாங்கிக்கொள்ளலாம். ஃபண்ட் ஜெயித்தால் அரசின் லாபமும் அவர்களுக்கே. பத்தில் எட்டு ஃபண்டுகள் அந்த உரிமையைப் பயன்படுத்தின.

நஷ்டத்தைக் கவனிக்கச் சொன்னவனே இப்போது நஷ்ட உத்தரவாதம் தோற்றது என்கிறேனே என்று கேட்கலாம். இரண்டும் வேறு வேறு. வரியில் நஷ்டத்தைக் கழிக்க விடுவது, அரசு லாபத்தில் எடுக்கிற அதே விகிதத்தில் நஷ்டத்திலும் நிற்பது. முதலீட்டாளரின் சொந்தப் பணம் இன்னும் பெரும்பகுதி ஆபத்தில்தான் இருக்கிறது. 70 சதவீத உத்தரவாதம் என்பது தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியத்தையே எடுத்துவிடுவது. பிரிட்டனின் எஸ்ஈஐஎஸ் இந்த எல்லையை ரொம்பவே நெருங்குகிறது என்பது என் சந்தேகம். அங்கே ஒருவர் போடும் தொகைக்கும் நிறுவனம் திரட்டும் தொகைக்கும் வரம்பு சின்னதாக இருப்பதால் தப்பிக்கிறது.

இந்தியாவின் ஃபண்ட் ஆஃப் ஃபண்ட்ஸ், அதாவது மற்ற ஃபண்டுகளில் பணம் போடும் அரசு நிதி, 2016இல் 10,000 கோடி ரூபாயோடு தொடங்கியது, சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி நடத்துகிறது. ஸ்டார்ட்அப்புக்கு நேராகப் பணம் போவதில்லை. செபியில் பதிவான ஏஐஎஃப்களுக்குப் போகிறது. அவை வாங்கியதைப் போல் இரண்டு மடங்காவது அங்கீகரிக்கப்பட்ட ஸ்டார்ட்அப்களில் போட வேண்டும். 2025 பட்ஜெட்டில் இன்னொரு 10,000 கோடி அறிவித்தார்கள். முதல் முறை ஃபண்ட் தொடங்குகிறவருக்கு இந்தப் பணத்தை விட அதோடு வரும் அங்கீகாரம் பெரிது. அரசு நிறுவனம் ஒன்று கணக்கையும் ஆளையும் ஆராய்ந்து பணம் போட்டிருக்கிறது என்றால் அடுத்தவர் கொஞ்சம் தைரியமாக வருவார்.

இந்தியாவில் சலுகைக்கு நேர் எதிரான ஒன்றும் ரொம்ப நாள் இருந்தது: ஏஞ்சல் வரி. 2012இல் கொண்டுவந்தார்கள். ஸ்டார்ட்அப் தன் பங்கை 'நியாயமான மதிப்புக்கு' மேல் விற்றால் அந்த உபரி நிறுவனத்தின் வருமானமாம், அதற்கு வரியாம். தொடக்கநிலை நிறுவனத்தின் நியாயமான மதிப்பு என்ன என்று வரி அதிகாரி எப்படிச் சொல்வார்? விற்பனையே ஆரம்பிக்காத நிறுவனத்துக்கு மூன்று வருடம் முன்னால் போட்ட கணிப்பை எடுத்து, 'இது நடக்கவில்லையே' என்று கேட்டார்கள். பதிவான வென்ச்சர் ஃபண்டுகளிடமிருந்து வரும் பணத்துக்கு இதிலிருந்து விலக்கு இருந்தது. 2019இல் இரண்டாம் வகை ஏஐஎஃப்களுக்கும் விலக்கு கிடைத்தது. விளைவு என்ன தெரியுமா? தனிமனிதரின் பணத்தை விட ஃபண்டின் பணம் நிறுவனருக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது. யாரும் திட்டமிடாமலே ஃபண்டுகளுக்குக் கிடைத்த சலுகை. 2023இல் இந்த வரியை வெளிநாட்டவரின் பணத்துக்கும் நீட்டினார்கள், 2024 ஜூலை பட்ஜெட்டில் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். ஃபண்டுகள் பக்கமிருந்து பார்த்தால் ஒரு சின்ன அனுகூலம் போனது. தொழிலுக்கு நல்லது.

சலுகை தவறான ஆளிடம் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா. தொழிற்சங்கங்களின் ஆதரவோடு நடக்கும் வென்ச்சர் ஃபண்டுகளில் சாதாரணச் சிறு முதலீட்டாளர்கள் பணம் போட்டால் மத்திய அரசு 15 சதவீதம் கழிவு, மாகாணங்கள் அதன் மேல் இன்னும். ஒருவர் போடும் பணத்தில் 5,000 கனடிய டாலர் வரைக்கும்தான் இந்தக் கழிவு. எட்டு வருடம் எடுக்க முடியாது. ஜனங்கள் ஃபண்டைப் பார்த்துப் போடவில்லை, கழிவைப் பார்த்துப் போட்டார்கள். வருடத்துக்கு வருடம் வரி சீசனில் பணம் தானாக வந்து குவியும்போது நிர்வாகி நன்றாக நடத்த வேண்டிய அழுத்தம் எங்கிருந்து வரும்? கட்டணம் அதிகம், வருமானம் சுமார். அதோடு, இந்த ஃபண்டுகள் விலையை ஏற்றிவிட்டதால் தனியார் ஃபண்டுகள் ஒதுங்கின என்று டக்ளஸ் கம்மிங், ஜெஃப்ரி மெக்கின்டாஷ் இருவரும் ஆய்வு செய்து எழுதினார்கள். ஒன்டாரியோ தன் கழிவைப் படிப்படியாக நிறுத்தியது. மத்திய அரசும் 2013இல் நிறுத்தப் போவதாக அறிவித்து, 2016இல் மனம் மாறித் திருப்பிக் கொடுத்தது.

லாபத்தில் நிர்வாகிக்குக் கிடைக்கும் பங்கு, அதாவது கேரி, எப்படி வரிக்குள் வருகிறது என்பதைச் சீக்கிரமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருந்த சொத்தாக இருந்தால்தான் நீண்ட கால ஆதாய விகிதம்; தொடக்கநிலை ஃபண்டுக்கு இது தொந்தரவே இல்லை, அதற்கு முன்னால் பெரும்பாலும் எதுவும் விற்காது. பிரிட்டன் 2026 ஏப்ரல் முதல் இதைத் தொழில் வருமானமாக எடுத்துக்கொள்கிறது; தகுதியான கேரியில் 72.5 சதவீதத்தைக் கணக்கில் எடுப்பதால் உச்ச விகிதத்தில் சுமார் 34 சதவீதம் வரும். ஆஸ்திரேலியாவில் பதிவான ஃபண்டுகளுக்கு மூலதன ஆதாயக் கணக்கு. இந்தியாவில் பொதுவாகத் தனி வகை யூனிட் வழியாக, பாஸ்-த்ரூவாக.

ஃபண்ட் தொடங்க நினைக்கிறவர் எங்கிருந்து ஆரம்பிப்பது? நாட்டின் சலுகைப் பட்டியலிலிருந்து அல்ல, யார் பணம் போடப் போகிறார்கள் என்ற பட்டியலிலிருந்து. ஓய்வூதிய நிதி, அறக்கட்டளை என்றால் வரிச்சலுகை அவர்களை அசைக்காது. பாஸ்-த்ரூ சுத்தமாக இருக்கிறதா, வேற்று நாட்டில் வரிப்படிவம் போட வேண்டி வருமா என்றுதான் கேட்பார்கள். அதிக வரி கட்டும் தனிமனிதர்கள் என்றால் நுழையும்போது கிடைக்கும் கழிவும் நஷ்டக் கழிப்பும் பெரிது. வெளிநாட்டவர் என்றால் அவர் நாட்டில் இந்த விலக்கை மதிப்பார்களா என்று பாருங்கள். இங்கே கட்டாத வரியை அங்கே வசூலித்துவிட்டால், ஒரு நாட்டின் சலுகை இன்னொரு நாட்டின் கஜானாவுக்குப் போய்ச் சேர்ந்த கதைதான்.

அப்புறம் காலம். பதிவு, தகுதி எல்லாம் முதல் முதலீட்டுக்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்ச மூலதனம் சேருவதற்குள் நிபந்தனைப் பதிவு வாங்கிக்கொண்டு 24 மாதத்துக்குள் முழுப் பதிவுக்கு வரலாம். தகுதியை முதலீடு செய்கிற நாளில்தான் பார்ப்பார்கள் என்பதால், நிறுவனத்தின் சொத்து அளவு, தொழில், ஊழியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கெல்லாம் அன்றைய தேதியிட்ட ஆதாரத்தை எடுத்து வைக்க வேண்டும். எட்டு வருடம் கழித்து விற்கும்போது தேடினால் அந்த நிறுவனத்தில் பழைய கணக்காளர்கூட இருக்க மாட்டார்.

ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைத் தேடிப் பாருங்கள்: நிர்வாகியின் தவறால் பதிவு ரத்தாகி முதலீட்டாளர்கள் சலுகையை இழந்தால் யார் பொறுப்பு? பல ஒப்பந்தங்களில் 'நியாயமான முயற்சி எடுப்போம்' என்பதோடு நிறுத்தியிருப்பார்கள். முதலீட்டாளராக இருந்தால், நிபந்தனைகள் இந்த வருடமும் சரியாக இருக்கின்றன என்று வருடா வருடம் எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். நிர்வாகியாக இருந்தால், கேட்பதற்கு முன்னால் நீங்களே அனுப்பத் தொடங்கிவிடுங்கள்.